கட்டும்போதா, வாழும்போதா? கட்டடங்களின் ஆயுட்கால ஆற்றல் பற்றி ஒரு மதிப்பாய்வு

ஒரு கட்டடம் தன் ஆயுளில் எப்போது அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது? செங்கல்லும் சிமென்டும் கம்பியுமாக எழும்பும் காலத்திலா, விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓட ஆட்கள் புழங்கும் காலத்திலா? இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எந்த விடை மேலோங்குகிறதோ அதற்கேற்பவே அரசுகளின் கட்டட விதிகள் அமைகின்றன. பழைய கட்டடங்களை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்பதும் முடிவாகிறது. உலகின் மொத்த ஆற்றல் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களுக்கும் கட்டுமானத்துக்கும் போகிறது என்பதால், இதை ஆய்வாளர்களுக்குள் நடக்கும் சர்ச்சை என்று ஒதுக்கிவிட முடியாது.

சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. மண்ணைத் தோண்டுவதில் தொடங்கி, சுட்டு, உருக்கி, லாரியில் ஏற்றிவந்து, கட்டி முடிக்கும்வரை செலவாவது உள்ளடங்கிய ஆற்றல். குடியேறிய பிறகு குளிர்விக்க, சூடாக்க, வெளிச்சம் தர, தண்ணீர் ஏற்றச் செலவாவது இயக்க ஆற்றல். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் மாற்றுவது, ஒழுகும் தளத்தைச் சீர்செய்வது ஆகியவற்றுக்கான பொருள்களில் இருப்பது மறுபடி மறுபடி சேரும் உள்ளடங்கிய ஆற்றல். கடைசியில் இடிப்பும் இடிபாட்டை அகற்றுவதும். இந்த நான்கையும் கூட்டினால் ஆயுட்கால ஆற்றல். கூட்டல் எளிது. எதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்திக் கூட்டுவது என்பதில்தான் வழக்கு.

எண்ணெய் நெருக்கடியில் பிறந்த கேள்வி

1973இல் எண்ணெய் விலை எகிறும்வரை மேலை நாடுகளில் கட்டடத்தின் ஆற்றல் செலவு பெரிய பேச்சாக இல்லை. நெருக்கடிக்குப் பிறகு சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு வைப்பதும் இரட்டைக் கண்ணாடி போடுவதும் பரவலாயின. உடனே ஒரு துணைக்கேள்வி எழுந்தது: அந்தப் பஞ்சையும் கண்ணாடியையும் செய்ய எவ்வளவு ஆற்றல் பிடிக்கும்? மிச்சப்படுவதைவிட அது கூடுதலாகிவிடாதா?

இதை முறையாக அணுகியவர்களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் ஹானனும், நியூயார்க் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ஸ்டைனும் முக்கியமானவர்கள். பொருளியலாளர் வாஸிலி லியான்டிஃப் வகுத்த உள்ளீடு–வெளியீட்டு அட்டவணைகளை அவர்கள் ஆற்றலின் பக்கம் திருப்பினார்கள். நாட்டின் ஒவ்வொரு தொழில்துறையும் மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணை அது. அதைக் கொண்டு கட்டுமானத்தில் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் பின்னால் எவ்வளவு எரிபொருள் எரிந்திருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. அவர்களுடைய முடிவுகள் 1978இல் 'சயின்ஸ்' இதழிலும் வெளிவந்தன. 1974இல் சுவீடனில் கூடிய ஆய்வாளர் கூட்டம் ஒன்று ஆற்றல் பகுப்பாய்வுக்கான பொது மரபுகளை வகுக்க முயன்றது.

இந்தக் கணக்கை முதலில் உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள் மரபுக் கட்டடப் பாதுகாவலர்கள். 1980இல் அமெரிக்காவின் மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட சுவரொட்டியில் ஒரு பழைய கட்டடம் பெட்ரோல் கேன் வடிவில் வரையப்பட்டிருந்தது. உள்ளே ஊற்றிய எரிபொருளை வீணாக்காதீர்கள் என்பது அதன் செய்தி. மனத்தில் பதியும் படம்தான். ஆனால் வாதத்தில் ஓட்டை உண்டு. செங்கல்லைச் சுட எரித்த நிலக்கரி எரிந்தே போய்விட்டது. கட்டடத்தை வைத்திருப்பதால் அது திரும்பி வராது. காக்கப்படுவது, அதற்குப் பதிலாக எழும்ப இருக்கும் புதிய கட்டடத்துக்கான எரிபொருள்தான். இந்த நுண்மையை அக்காலத்தில் பலர் கவனிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை சரிந்ததும் கேள்வியே மங்கிப்போனது.

பத்துக்குத் தொண்ணூறு

தொண்ணூறுகளில் புவி வெப்பமாதல் பற்றிய கவலையோடு கேள்வி மீண்டும் வந்தது. இம்முறை விடை மிகத் தெளிவாக இருப்பதாகத் தோன்றியது. கனடாவின் ரேமண்ட் கோலும் பால் கெர்னனும் 1996இல் மூன்று மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் மாதிரியை எடுத்துக்கொண்டு, மரம், எஃகு, கான்கிரீட் என்று சட்டகத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட்டார்கள். எதில் கட்டினாலும் 50 ஆண்டு ஆயுளில் 80 முதல் 90 விழுக்காடு இயக்க ஆற்றலாகவே இருந்தது. அடுத்த ஆண்டே சுவீடனின் கரின் அடால்பெர்த் மூன்று தனி வீடுகளை ஆராய்ந்து, இயக்கத்தின் பங்கு ஏறத்தாழ 85 விழுக்காடு என்றார். 2010இல் டி. ரமேஷ், ரவி பிரகாஷ், கே. கே. சுக்லா ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 13 நாடுகளின் 73 கட்டடங்களைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே விகிதம் வந்தது: இயக்கம் 80–90, உள்ளடங்கியது 10–20.

'பத்துக்குத் தொண்ணூறு' பாடப்புத்தகச் சூத்திரமானது இப்படித்தான். விதிகளும் அதன் வழியே போயின. இந்தியாவில் 2007இல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளுக்காக 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' இரண்டும் சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது, கருவிகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பவற்றையே கேட்டன. அந்தச் சுவரைச் செய்ய எவ்வளவு எரிந்தது என்பது விதியின் பார்வைக்கு வரவில்லை.

இந்த நிலைப்பாட்டின் வலு அதன் ஒருமித்த தன்மையில் இருக்கிறது, பலவீனமும் அங்கேதான். தொடக்க ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்டில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்க வேண்டிய நாடுகளில் செய்யப்பட்டவை. ஆயுள் 50 ஆண்டு என்பது அளந்து அறிந்ததல்ல, வசதிக்காக வைத்துக்கொண்டது. பொருள்களுக்கான ஆற்றலைக் குறைத்து மதிப்பிடும் முறையே பெரிதும் கையாளப்பட்டது. கோல்–கெர்னன் ஆய்விலேயே பலர் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி உண்டு: 50 ஆண்டில் பழுதுபார்ப்புக்கும் மாற்றீட்டுக்கும் சேரும் ஆற்றல், முதன்முதலில் கட்டியபோது ஆன செலவையே தாண்டிவிடுகிறது. பல ஆய்வுகள் இந்த இனத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பங்கு ஏறும் கதை

2007இல் இகோர் சார்த்தோரியும் ஆன் கிரேட்டே ஹெஸ்ட்னஸும் நார்வேயிலிருந்து ஒன்பது நாடுகளின் 60 கட்டடங்களை மதிப்பாய்வு செய்தார்கள். வழக்கமான கட்டடங்களில் உள்ளடங்கிய ஆற்றலின் பங்கு 2 முதல் 38 விழுக்காடு. ஆற்றல் சிக்கனக் கட்டடங்களில் 9 முதல் 46. காரணம் வெளிப்படை. இயக்கச் செலவைக் குறைக்கத் தடித்த வெப்பத்தடுப்பும் கூடுதல் கண்ணாடியும் கருவிகளும் வேண்டும்; ஒரு பக்கம் குறைய மறுபக்கம் கூடுகிறது. 2020இல் மார்ட்டின் ரோக்கும் சக ஆய்வாளர்களும் 650க்கு மேற்பட்ட கட்டட ஆய்வுகளைக் கரிம உமிழ்வின் கோணத்தில் அலசினார்கள். இன்றைய புதிய கட்டடங்களில் உள்ளடங்கிய உமிழ்வின் பங்கு சராசரியாக 20–25 விழுக்காடு, மிகுந்த சிக்கனக் கட்டடங்களில் 45–50, சில விளிம்பு நிலைகளில் 90ஐயும் தாண்டுகிறது என்று கண்டார்கள்.

இதிலிருந்து, சிக்கனக் கட்டடம் என்பதே ஏமாற்று, மிச்சப்படுத்துவதை எல்லாம் பொருள்களில் விட்டுவிடுகிறோம் என்று வாதிடுவோர் உண்டு. தரவு அப்படிச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவு 100 அலகு, அதில் 10 உள்ளடங்கியது, 90 இயக்கம் என்று கொள்வோம். அதைச் சிக்கனக் கட்டடமாக மாற்றியபின் உள்ளடங்கியது 15, இயக்கம் 35 ஆகிறது. உள்ளடங்கியதன் பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 30க்குத் தாவிவிட்டது, மொத்தமோ பாதியாகிவிட்டது. பங்கை மட்டும் பார்ப்பவர் அலறுவார், அளவைப் பார்ப்பவர் மகிழ்வார். சார்த்தோரியும் ஹெஸ்ட்னஸும் இதைத் தெளிவாகவே சொன்னார்கள்: சிக்கனக் கட்டடங்களில் பொருள் செலவு சற்றுக் கூடினாலும் மொத்த ஆயுட்கால ஆற்றல் குறைகிறது.

எனினும் ஓர் எல்லை இருக்கிறது. ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் ஒரே பரப்புள்ள வீட்டைப் பல வகைகளில் கட்டினால் என்னவாகும் என்று ஒப்பிட்டபோது, வெளியிலிருந்து ஆற்றலே வாங்காத தன்னிறைவு வீட்டின் ஆயுட்கால ஆற்றல், சற்று மின்சாரம் வாங்கும் சிக்கன வீட்டைவிடக் கூடுதலாக வந்தது. தன்னிறைவுக்கான கருவிகளும் சேமிப்பு அமைப்புகளும் விழுங்கியதுதான் மிச்சம். ரமேஷ் குழுவின் தொகுப்பும் இதையே சொன்னது. இயக்கச் செலவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதே உச்ச இலக்கு என்னும் நம்பிக்கை இங்கே தடுமாறுகிறது.

கோடு எங்கே போடுவது?

முரண்படும் விடைகளில் பாதியாவது அளவிடும் முறையிலிருந்து பிறந்தவை. ஆலைக்குச் சென்று ஒரு டன் சிமென்டுக்கு எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு மின்சாரம் என்று எழுதிக்கொள்வது செயல்முறைப் பகுப்பாய்வு. துல்லியமானது, ஆனால் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். சிமென்ட் ஆலையின் எந்திரங்களைச் செய்த தொழிற்சாலை? அதற்கு எஃகு தந்த உலை? 2000இல் மன்ஃப்ரெட் லென்சன், இப்படி வெட்டிவிடுவதால் தவறும் பகுதி 50 விழுக்காடுவரை போகலாம் என்று காட்டினார். உள்ளீடு–வெளியீட்டு முறை எதையும் விடாது. ஆனால் சூளைச் செங்கல்லையும் மின்காப்புப் பீங்கானையும் ஒரே துறையில் போட்டு சராசரி காட்டும். இரண்டையும் இணைக்கும் கலப்பு முறையை ஆஸ்திரேலியாவில் கிரஹாம் ட்ரெலோரும், பின்னர் ராபர்ட் கிராஃபோர்டும் வளர்த்தார்கள். அந்த முறையில் கணக்கிடும்போது உள்ளடங்கிய ஆற்றல் பெரும்பாலும் மிக உயர்ந்து வருகிறது. பத்துக்குத் தொண்ணூறு ஆட்டம் காண்கிறது.

தரவின் வேறுபாடு இன்னொரு தலைவலி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஹேமண்டும் ஜோன்ஸும் தொகுத்த புகழ்பெற்ற பட்டியலில் ஒரு கிலோ எஃகுக்கு சுமார் 20 முதல் 25 மெகாஜூல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003இல் கையாண்ட எண் 42. இரு தரப்பினரும் தவறு செய்யவில்லை. ஒன்றில் பழைய இரும்பு கணிசமாகக் கலந்திருக்கிறது. மற்றது இந்திய நிலக்கரி உலைகளின் அக்கால நிலை. தமிழகத்தில் வீடு கட்டுபவருக்கு எந்த எண் பொருந்தும் என்பது கம்பி எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. செங்கல்லிலும் அப்படியே. காளவாயில் விறகு போட்டுச் சுட்ட கல்லுக்கும் தொடர் சூளையில் வெந்த கல்லுக்கும் எரிபொருள் செலவு ஒன்றல்ல; கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

எல்லைக் கோட்டின் வலிமையைக் காட்ட ஒரு சிறு கணக்கைக் கிட்ட நின்று போட்டுப் பார்க்கலாம். பெங்களூரு ஆய்வு பலமாடி கான்கிரீட் சட்டகக் கட்டடம் ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு 4.21 கிகாஜூல் என்று கண்டது. அப்படிப்பட்ட கட்டடத்தில் 80 சதுர மீட்டர் குடியிருப்பு என்றால் சுமார் 337 கிகாஜூல். அதில் வாழும் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட், அதாவது ஆண்டுக்கு 1,500 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்று கொள்வோம். மீட்டரில் பார்த்தால் அது 5.4 கிகாஜூல். அந்தக் கணக்கில் கட்டடம் எழும்ப ஆன ஆற்றலைத் தொட மின்செலவுக்கு 62 ஆண்டு பிடிக்கும்.

ஆனால் அனல் மின்நிலையத்தில் மூன்று பங்கு நிலக்கரி எரிந்தால்தான் ஒரு பங்கு மின்சாரமாக வீடு வந்து சேர்கிறது. மூலத்தில் எரிந்ததைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 16.2 கிகாஜூல், 62 ஆண்டு 21 ஆகச் சுருங்குகிறது. சமையல் எரிவாயுவைச் சேர்ப்பதா? ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் அதுவே 5 கிகாஜூலுக்கு மேல். மீட்டர் கணக்கோடு சேர்த்தால் 62 என்பது 32 ஆகிவிடுகிறது. சோறு வடிப்பது கட்டடத்தின் செலவா, குடும்பத்தின் செலவா? ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. அதே குடும்பம் இரண்டு ஏசி வாங்கி, இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் ஆனால், மூல ஆற்றல் கணக்கில் ஏழே ஆண்டு.

ஒரே வீடு. சுவர் மாறவில்லை, தளம் மாறவில்லை. கட்டும் செலவைக் குடியிருக்கும் செலவு எட்டிப்பிடிக்க 7 ஆண்டா, 62 ஆண்டா என்பதை வரையறையும் ஏசியும் தீர்மானிக்கின்றன. விழுக்காட்டை மட்டும் தலைப்பில் போடும் ஆய்வுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. டெக்ஸஸில் மனீஷ் தீட்சித்தும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இவ்வாறு முடிவை அசைக்கும் காரணிகளை வரிசைப்படுத்தி, பொது நெறிமுறை இல்லாமல் ஆய்வுகளை ஒப்பிடுவதே வீண் என்ற அளவுக்குப் போனது. 2011இல் வந்த ஐரோப்பியத் தரமுறை கட்டடத்தின் ஆயுளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இந்தக் குழப்பத்தை ஓரளவு தணித்திருக்கிறது. முற்றாகத் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

வெப்பநாட்டின் கணக்கு

இந்தியாவில் இந்தச் சிந்தனை வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1974இல் அமுல்ய குமார் ரெட்டி இந்திய அறிவியல் கழகத்தில் ஊரகத் தொழில்நுட்பத்துக்காக 'அஸ்த்ரா' மையத்தைத் தொடங்கினார். அங்கே கேள்வி குளிர்கால வெப்பமூட்டலைப் பற்றியதல்ல. ஏழைக்கு மலிவாகவும், விறகையும் நிலக்கரியையும் அதிகம் விழுங்காமலும் எப்படி வீடு கட்டுவது என்பதே. இயக்க ஆற்றல் என்று பேசுமளவுக்கு அந்த வீடுகளில் கருவிகளே இல்லை. ஆகவே பொருள்களின் ஆற்றலே முழுக்கணக்கும்.

வெங்கடராம ரெட்டி–ஜகதீஷ் ஆய்வு அந்த மரபின் கனி. சுட்ட செங்கல் கட்டுவேலைக்குக் கனமீட்டருக்கு 2,141 மெகாஜூல். கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி எடுத்து, சுடாமல் உலர்த்திய மண்கல்லில் கட்டினால் அதைவிட மிகக் குறைவு. முழுக் கட்டடமாகப் பார்த்தால், செங்கல் சுவரே சுமையைத் தாங்கும் வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 2.92 கிகாஜூல், மண்கல்லும் மாற்றுத் தளமுமாகக் கட்டியதற்கு 1.61. அதாவது ஏறத்தாழப் பாதி மிச்சம். அதற்கு முன்பே 1995இல் தேப்நாத்தும் உடன் ஆய்வாளர்களும் இந்திய வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிகாஜூல் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

எண்கள் வருமுன்பே கட்டிக் காட்டியவர்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அந்தச் சுவருக்குக் கல் கால் பங்குவரை குறையும்; உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். கட்டும்போதும் வாழும்போதும் ஒருசேர மிச்சம் தருபவை அரிது. இது அவற்றில் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் சத்பிரேம் மைனியின் மண் கட்டுமான நிறுவனம் அழுத்தி எடுத்த மண்கற்களால் வளைவுகளும் கவிமாடங்களும் எழுப்பி, கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் கூரை போடலாம் என்று நிறுவியது. இருந்தும் இம்முறைகள் ஊரெங்கும் பரவவில்லை. கைதேர்ந்த கொத்தனார்கள் குறைவு, வங்கிக் கடன் கிடைப்பதில் தயக்கம், 'மண் வீடு' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் வறுமையின் நிழல். ஆற்றல் கணக்கு மட்டும் ஒரு தொழில்நுட்பத்தை வெல்ல வைப்பதில்லை என்பதை ஆய்வுலகம் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை.

இப்போது தளமே நகர்கிறது. 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2017–18ஐ ஒப்பிட நாட்டின் குளிர்விப்புத் தேவை 2037–38க்குள் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று கணித்தது. கட்டடங்களில் மட்டும் பதினொரு மடங்கு. பொருள் செலவே முழுக்கணக்கு என்றிருந்த நாடு, இயக்கச் செலவு பெருகும் நாடாக மாறும் வேளை இது. அதே வேளையில்தான் இந்தியா முன் எப்போதும் இல்லாத அளவில் கட்டிக்கொண்டும் இருக்கிறது. மேலை நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்த இரண்டு சிக்கல்கள் இங்கே ஒன்றாக வந்து நிற்கின்றன. இரண்டும் சில இடங்களில் மோதவும் செய்யும். பொருளை மிச்சம் பிடிக்க மெல்லிய சுவரும் பூச்சில்லாத கான்கிரீட் தளமும் போட்டால், மே மாதத்து மாடி அறையில் ஏசி ஓயாமல் ஓடும். நீராவியில் வேகவைத்த ஏஏசி கற்கள் செய்ய ஆற்றல் பிடித்தாலும் எடை குறைவு, வெப்பம் புகுவதும் குறைவு. எந்த இடத்தில் எது வெல்லும் என்பது சென்னைக்கும் கோவைக்கும் ஒன்றாக இராது. சென்னை ஐஐடியில் தென்னிந்தியக் குடியிருப்புகளைக் கொண்டு 2014இல் வெளிவந்ததைப் போன்ற நேரடி ஆய்வுகள் அதனால்தான் மதிப்புள்ளவை. ஆனால் அவை சிலவே.

ஆயுளை யார் அறிவார்?

ஐம்பது ஆண்டு என்ற எண் பெரும்பாலான ஆய்வுகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானில் வீடுகள் சராசரியாக முப்பது ஆண்டையொட்டி இடிக்கப்படுகின்றன; ஐரோப்பிய நகரங்களில் நூறாண்டுக் குடியிருப்புகள் சாதாரணம். அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் நகரங்களில் இடிக்கப்பட்ட 227 கட்டடங்களை ஆராய்ந்த ஜெனிஃபர் ஓ'கானர் 2004இல் வெளியிட்ட முடிவு யோசிக்க வைப்பது. இடிப்புக்கு முதல் காரணம் அந்தப் பகுதியின் மறுவளர்ச்சி. சட்டகம் தளர்ந்து விழுந்தவை மிகச் சில. கட்டடங்கள் பெரும்பாலும் கிழடாகிச் சாவதில்லை, நிலமதிப்பு ஏறிச் சாகின்றன. சென்னையில் தளப்பரப்புக் குறியீடு உயர்ந்ததும் உறுதியாக நிற்கும் தனி வீடுகள் அடுக்ககத்துக்கு வழிவிடுவதைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐம்பதுக்குப் பதில் முப்பதில் இடிபட்டால் உள்ளடங்கிய ஆற்றலின் ஆண்டுப் பங்கு மூன்றில் இரண்டு பங்கு கூடும் என்பது எந்த ஆய்வின் சராசரியிலும் தெரியாது.

பழையதை வைத்துக்கொள்வதா, இடித்துச் சிக்கனமாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு 2011இல் அமெரிக்க மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வு ஒரு விடை தந்தது. முப்பது விழுக்காடு சிக்கனமான புதுக் கட்டடம்கூட, தான் எழும்பியதால் விளைந்த காலநிலைப் பாதிப்பை ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டு பிடிக்கும். வெளியிட்டது மரபுக்காக வாதிடும் அமைப்பு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 10க்கும் 80க்கும் உள்ள தூரத்தையும்.

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் வழக்கு இந்த விவாதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. புதுக் கட்டடத்தால் சுமார் 40,000 டன் கரிம உமிழ்வு நேரும், பழையதைப் புதுப்பித்தால் போதும் என்றனர் எதிர்ப்பாளர்கள். பழையது திருத்த முடியாதது, புதியது நெடுங்காலத்தில் மிச்சம் தரும் என்றது நிறுவனம். 2023 ஜூலையில் அமைச்சர் மைக்கேல் கோவ் அனுமதி மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் புதிய அரசு அனுமதி தந்தது. ஒரே கட்டடம், ஒரே சான்றுகள், இரண்டு அமைச்சர்கள், இரண்டு முடிவுகள். கணக்கீட்டு முறை எவ்வளவு வளர்ந்தாலும், எத்தனை ஆண்டுக்கு முன்னோக்கிப் பார்ப்பது என்பதை அதனால் தீர்மானிக்க முடியவில்லை.

ஆற்றலிலிருந்து கரிமத்துக்கு

கடந்த பதினைந்து ஆண்டுகளில் பேச்சு மெகாஜூலிலிருந்து கிலோ கரியமில வாயுவுக்கு நகர்ந்துவிட்டது. அதற்கு நியாயம் உண்டு. சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை உலையில் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. சிமென்டின் உமிழ்வில் பெரும்பகுதி அதுவே. ஆற்றல் கணக்கில் இது தென்படாது. சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கலந்து, உலையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டியான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமென்ட் இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. அதை உருவாக்கியதில் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகளுக்கும் பங்குண்டு.

காலத்தின் வாதமும் இங்கேதான் வலுப்பெறுகிறது. கட்டும்போது வெளியாகும் வாயு இன்றே வானில் சேர்கிறது. இயக்கத்தின் வாயு ஐம்பது ஆண்டில் பரவி வரும், அதற்குள் மின்சாரமே தூய்மையாகலாம். ஆகவே இன்றைய ஒரு டன்னையும் 2060இன் ஒரு டன்னையும் சமமாக எடுத்துக்கொள்வது சரியல்ல என்கிறார்கள் ஒரு சாரார். பிரான்ஸ் 2022இல் நடைமுறைப்படுத்திய விதிகளில் இந்தக் கால எடை இடம்பெற்றது. டென்மார்க் 2023இல் பெரிய புதுக் கட்டடங்களுக்கு ஆயுட்கால உமிழ்வு வரம்பு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 நெறிமுறை, 2028இலிருந்து பெரிய கட்டடங்களுக்கும் 2030இலிருந்து எல்லாப் புதுக் கட்டடங்களுக்கும் இக்கணக்கை வெளியிடச் சொல்கிறது.

எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. மின்சாரம் தூய்மையாகிவிடும் என்று நம்பி இயக்கச் செலவை மறந்துவிட்டால், அந்தத் தூய மின்சாரத்துக்கான நிலமும் தகடுகளும் மின்கம்பிகளும் எங்கிருந்து வரும்? கரிமக் கணக்கு தூய்மையாகத் தெரிந்தாலும் ஆற்றல் கணக்கில் வீண்செலவு வீண்செலவே. ஏசி ஒரே நேரத்தில் ஓடும் கோடை மாலை ஏழு மணிக்குச் சூரிய மின்சாரம் கிடைப்பதில்லை என்பதை வெப்பநாடுகள் மறக்க முடியாது. ஆற்றலை விட்டுக் கரிமத்துக்கு முழுவதும் மாறியது அவசரம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

திறந்திருப்பவை

இதுவரையுள்ள சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பத்துக்குத் தொண்ணூறு ஒரு குறிப்பிட்ட குளிர்நாட்டுக் காலகட்டத்தின் விகிதம். பொது விதி என்று கொள்வதற்கில்லை. பங்கு கூடுவதும் அளவு கூடுவதும் வேறு. மூல ஆற்றலா, மீட்டர் ஆற்றலா என்று சொல்லாத ஆய்வின் முடிவைப் பயன்படுத்தக்கூடாது. நிற்கும் கட்டடத்தை நீட்டிப்பது பெரும்பாலான சூழல்களில் குறைந்தது சில பத்தாண்டுகளுக்காவது ஆதாயம். எல்லாச் சூழலிலும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

தீராதவை இன்னும் கனமானவை. மக்கள் உண்மையில் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார்கள் என்பதைக் கணினி மாதிரிகள் சரியாகச் சொல்வதில்லை. ஜெர்மானிய வீடுகளை ஆராய்ந்த மின்னா சூனிக்கா-பிளாங்கும் ரே கேல்வினும் 2012இல், கணக்கிட்டதைவிட உண்மைச் செலவு சராசரியாக 30 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். வெப்பம் கசியும் வீட்டில் இருப்பவர் கணப்பைக் குறைத்துக்கொண்டு குளிரோடு வாழ்ந்துவிடுகிறார். நம் ஊரில் புழுக்கத்தோடு வாழ்ந்துவிடுபவர்கள் எத்தனை பேர், ஏசி வாங்கியபின் அதை எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், நல்ல சுவர் அந்த நேரத்தைக் குறைக்கிறதா அல்லது இன்னும் குளிராக வைத்துக்கொள்ளத் தூண்டுகிறதா என்பவை ஊகத்தில் நிற்கின்றன. பராமரிப்பின் கணக்கு அதைவிட மெலிந்தது. கடற்கரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பெயரும் தளத்தைச் சீர்செய்ய எத்தனை மூட்டை சிமென்ட் போகிறது என்பதை எந்தத் தரவுத்தளமும் எளிதில் சொல்லாது. 2017இல் சர்வதேச நிதிக் கழகம் இந்தியக் கட்டுமானப் பொருள்களுக்கென ஒரு பட்டியல் வெளியிட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் பட்டியல் சராசரியைத்தான் தரும். சூளைக்குச் சூளை, ஆலைக்கு ஆலை உள்ள வித்தியாசத்தை அளந்து வெளியிடும் கடமை உற்பத்தியாளருக்கு இன்னும் பரவலாக இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில், கட்டியபோது வாங்கிய பொருள்களின் பட்டியலும் அதன்பின் இருபது முப்பது ஆண்டு மின்கட்டணமும் பழுதுச் செலவும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கப்பட்ட வீடுகள் இந்நாட்டில் மிக அரிது. அத்தகைய கோப்புகள் சில நூறாவது சேரும்வரை, 7 ஆண்டுக்கும் 62 ஆண்டுக்கும் இடையே எந்த வீடு எங்கே நிற்கிறது என்பதை மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.